மங்களா அக்காவின் தலையிடி

"வீட்டுக்குள்ள கிடக்கிற மெசினுக்கு ஊசி துருப்பிடிக்குமோ தம்பி?"

மங்களா அக்கா தையல் மெசினிலிருந்து கழற்றிய ஊசியை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்துக் காட்டினார். அதன் முனையில் செம்மண் நிறத்தில் ஒரு புள்ளி. மற்றக் கையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார். பூசியிருந்த தைலத்தின் வாசம் சமையலறை முழுக்க இருந்தது.

ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணியளவில். எந்த வருடம் என்பது சரியாக நினைவில்லை. காரின் முன்கண்ணாடியில் படிந்த உறைபனியைப் பழைய வங்கி அட்டையால் சுரண்டிவிட்டுப் புறப்பட்டது நினைவிருக்கிறது.

நான் காஸ் என்ஜினியர். வீடுகளைச் சூடாக்கும் பொய்லர்களைப் பூட்டுவதும், பழுது பார்ப்பதும், வருடத்துக்கு ஒருமுறை திறந்து சோதித்துக் கையெழுத்து வைப்பதும் என் தொழில். மங்களா அக்கா லண்டன் ஈஸ்ட் ஹாம் சேலைக் கடைகளுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அவருடைய கணவர் சபா அண்ணை பஸ் ஓட்டுகிறார். நான் லண்டனுக்கு வந்த புதிதில் எனக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்தவர் அவர். அந்த வீட்டுக்கு நான் வேலைக்குப் போனாலும் விருந்தாளியாகத்தான் போவேன்.

"தலையிடியோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்டரை மாசமாக் கிடக்கு. டொக்டர் மைக்ரேன் எண்டு குளிசை தந்தவர். போட்டால் நித்திரைதான் வருது, இடி போகேல்லை. நேற்றுச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தனான்."

பொய்லர் சமையலறைச் சுவரில் இருந்தது. வருடச் சோதனைக்காக வழக்கம்போல அதன் மூடியைக் கழற்றப் போனவன், ஊசியின் நினைவில், மெசின் இருக்கும் இடத்தை ஒருமுறை பார்க்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன்.

ஈரமான அறை

வீட்டின் பின்சுவரோடு சாய்த்து ஒரு கூரையை இறக்கி, மூன்று பக்கமும் அடைத்து எடுக்கும் அறையை நாங்கள் பத்தி என்போம். சபா அண்ணை தன் கையாலேயே இறக்கிய பத்தி அது. மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகள், பக்கங்களில் பழைய ஜன்னல்கள், நடுவே அக்காவின் மெசின், சுவரோரம் நிறம் நிறமாக நூல் உருளைகள்.

உள்ளே போனதும் முகத்தில் வெக்கை அடித்தது. வெளியே உறைபனி, இங்கே யாரோ சுடுநீரில் குளித்து முடித்த அறைபோல இருந்தது. கண்ணாடிகளில் நீர் வழிந்துகொண்டிருந்தது. தைத்து மாட்டியிருந்த பட்டு பிளவுஸ் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

நிமிர்ந்து பார்த்தேன். பொய்லரின் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வந்து, வெளியில் முடிய வேண்டியது, பத்திக்குள் முடிந்திருந்தது. மெசின் கதிரைக்கு நேர் மேலே. அதிலிருந்து வெண்ணிறமாக ஆவி வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் என் இடுப்பில் செருகியிருந்த சிறிய மானி அலறத் தொடங்கியது. காபன் மொனொக்சைட் என்ற வாயு காற்றில் இருந்தால் அது கத்தும். இந்தத் தொழிலில் இருந்த அத்தனை வருடங்களில் அது உண்மையாகக் கத்தி நான் கேட்டது இரண்டு தடவை. அது இரண்டாவது.

"அக்கா, வெளியால வாங்கோ."

"என்ன தம்பி?"

"பிறகு சொல்லுறன். முதல்ல தோட்டத்துக்குப் போங்கோ."

பத்தியின் வெளிக்கதவைத் திறந்து அவரை அனுப்பினேன். அதையும் சமையலறைக் கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, பொய்லரை நிறுத்தினேன்.

அடுத்த நிமிடம் மாடியிலிருந்து சபா அண்ணையின் குரல் கேட்டது.

"ஆரடா சுடுதண்ணியை நிப்பாட்டினது? தலையில சோப் கிடக்கு!"

ஐந்து பேரும் ஒரு துவாரமும்

இந்த இடத்தில் என் சொந்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

வந்த முதல் குளிர்காலத்தில் நாங்கள் ஐந்து பேர் தென்லண்டன் டூட்டிங்கில் ஒரே அறையில் இருந்தோம். அறையில் பழைய காஸ் கணப்பு ஒன்று. அதற்கு மேலே சுவரில் செங்கல் அளவில் ஒரு துவாரம். அதனூடாகக் குளிர்காற்று சீறிக்கொண்டு வரும். வெள்ளைக்காரனுக்குச் சுவர் கட்டத் தெரியாது என்று சிரித்துக்கொண்டே பழைய பத்திரிகைத் தாள்களைச் சுருட்டி அதில் அடைத்தவன் நான்தான்.

நெருப்பு எரியக் காற்று வேண்டும், எரிந்ததன் கழிவு வெளியே போகவேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விடயம். சோதனையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்தத் துவாரம் அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலையில் எழும்போது எல்லோருக்கும் தலை கனக்கும். இரவு ஷிப்ட் செய்த களைப்பு என்று நினைத்தோம். எங்களைக் காப்பாற்றியது ஜன்னல். அதன் மரச்சட்டம் வளைந்து, என்ன செய்தாலும் ஒரு விரல் இடைவெளி விட்டே மூடும். அதற்காக வீட்டுக்காரரைத் திட்டாத நாளில்லை.

பல வருடங்கள் பெற்றோல் நிலையத்தில் வேலைக்கு நின்றுவிட்டு, காஸ் வேலை படிக்கப் போனபோதுதான் அந்தத் துவாரத்தின் பெயரும் பயனும் தெரிந்தது. வகுப்பில் ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த அறையில் படுத்த ஐந்து பேரையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, ஓங்காளம், தலைச்சுற்று, சோர்வு. வேறு நூறு காரணங்களால் வரக்கூடியவைதான் எல்லாமே. வீட்டை விட்டு வெளியே போனால் குறைந்து, திரும்பி வந்தால் கூடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எங்களுடைய ஆட்கள் பொய்லரைப் பற்றிக் கேட்பது ஒன்றே ஒன்று. சுடுதண்ணி வருகுதோ? வந்தால் அது நல்ல பொய்லர். பொய்லர் அலுமாரிக்குள் அரிசி மூட்டை அடுக்கியிருப்பார்கள். குழாயின்மேல் ஈரச் சேலை காய்ந்துகொண்டிருக்கும். தண்ணீர் அழுத்தத்தைக் காட்டும் முள் பூச்சியத்துக்கு இறங்கி வீடு குளிர்ந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். நானும் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் முள் நிற்கும்வரை தண்ணீர் ஏற்றிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வருவேன்.

சென்னையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த முள்ளின் அளவைக் குறித்து வைப்பார். "நோட் பண்ணி வைக்கிறது நல்லதுதானே சார்?" என்பார். நான் உள்ளுக்குள் சிரிப்பேன். இப்போது சிரிப்பதில்லை.

பைப்புக்குக் குறுக்கால

சபா அண்ணை இடுப்பில் கட்டிய துவாயோடு இறங்கி வந்தார். காதுக்குப் பின்னால் சோப்பு நுரை. சமையலறையில் கதவுகள் திறந்து கிடப்பதையும் மனைவி தோட்டத்துக் குளிரில் நிற்பதையும் பார்த்தார்.

"என்னடா நடக்குது?"

நான் சொன்னேன். புகைக்குழாய் அடைத்த இடத்துக்குள் முடிகிறது, வெளியே போன கழிவையே பொய்லர் அதே குழாயால் திரும்ப உள்ளே இழுக்கிறது, அதனால் சரியாக எரியாமல் நச்சு வாயு வருகிறது, அக்கா அதற்குக் கீழே இருந்துதான் நாள் முழுக்கத் தைக்கிறார் என்று.

"அது வெறும் ஆவியடா. எனக்குத் தெரியாதோ? அதுதான் அந்த அறை சூடா இருக்கு. வேற ஹீட்டர் போடத் தேவையில்லை எண்டு நான் நினைச்சுத்தான் விட்டனான்."

"ஆவியோட மற்றதும் வருகுது அண்ணை."

"இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கேல்லையே."

"அக்காவுக்குத் தலையிடிக்குது."

 நான் சமையலறையைச் சுற்றிப் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்துப் பொய்லருக்குப் பக்கத்தில் பூட்டிய எச்சரிக்கைக் கருவி அந்த இடத்தில் இல்லை.

"அலாம் எங்க அண்ணை?"

"அது மார்கழியில கத்தத் தொடங்கிச்சுது. பற்றரி முடிஞ்சுது எண்டு கழட்டி மேசை லாச்சிக்குள்ள போட்டனான்."

"எப்பிடிக் கத்தினது? இடைக்கிடை ஒருக்கா கீச்சிட்டதோ, விடாமலோ?"

அவர் யோசித்தார். "விடாமல்," என்றார்.

மின்கலம் தீரும்போது அந்தக் கருவி நிமிடத்துக்கு ஒருதரம் மெல்லக் கீச்சிடும். விடாமல் உரக்கக் கத்தினால் காற்றில் நஞ்சு இருக்கிறது என்று பொருள். அதை அவருக்குச் சொல்ல எனக்கு அந்த நேரம் மனம் வரவில்லை. ஆனால் சொன்னேன்.

பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்தேன். உடனடி ஆபத்து, பாவிக்கக் கூடாது என்று பொய்லரில் ஒட்ட வேண்டியது. அதற்கு முன் காஸைத் துண்டிக்க வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். கேட்டேன்.

"இண்டைக்கு விடடா. நாளையிண்டைக்கு ஒரு கலியாணத்துக்கு இவள் பதினொரு பிளவுஸ் குடுக்க வேணும். இந்தக் குளிருக்க வீட்டைச் சூடில்லாமல் விட்டா எப்பிடி? நான் அந்த அறை ஜன்னலைத் திறந்து விடுறன். திங்கக்கிழமை நீயே வந்து என்ன செய்ய வேணுமோ செய்."

"ஏலாது அண்ணை. நீங்கள் விடாட்டி நான் அவசர நம்பருக்கு அடிக்க வேணும். அவையள் வந்து நிப்பாட்டுவினம்."

"என்னையே மிரட்டுறியோ? உனக்கு ஆரடா இந்த ஊரில முதல் முதல் போம் நிரப்பித் தந்தது?"

 ஸ்டிக்கர் என் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

தோட்டத்திலிருந்து மங்களா அக்கா உள்ளே வந்தார். குளிரில் உதடு வெளிறியிருந்தது. கணவரைப் பார்க்கவில்லை.

"தம்பி, காஸ் மெயின் எங்க கிடக்கு?"

"படிக்குக் கீழ, மீற்றரோட."

"எந்தப் பக்கம் திருப்புறது?"

"கைபிடி இப்ப பைப்போட ஒரே நேராக் கிடக்கும். பைப்புக்குக் குறுக்கால வாறமாதிரித் திருப்புங்கோ."

படிக்குக் கீழே குனிந்து, சப்பாத்துகளைத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளாலும் அழுத்தித் திருப்பினார். கைபிடி இறுகிப்போய் இருந்தது. சபா அண்ணை துவாயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு நானும் போகவில்லை, அவரும் போகவில்லை. கைபிடி திரும்பியது.

"இனி என்ன செய்ய வேணும்?" என்று நிமிர்ந்து கேட்டார் அக்கா.

"ஆசுப்பத்திரிக்கு. ரெண்டு பேரும். போனவுடன காபன் மொனொக்சைட் எண்டு சொல்லுங்கோ. தலையிடி எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

நடைகூடத்தில்

இரத்தத்தைச் சோதித்தார்கள். சபா அண்ணைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நாளில் பாதி அவர் பஸ்ஸில் இருப்பவர். அக்காவை ஒரு கட்டிலில் படுக்க வைத்து முகத்தில் ஒட்சிசன் மூடியைப் பொருத்தினார்கள். இன்னும் சில கிழமை இப்படியே போயிருந்தால், அல்லது ஒருநாள் அந்த மெசினில் சாய்ந்து உறங்கிப் போயிருந்தால், என்று டொக்டர் தொடங்கினார். வாக்கியத்தை முடிக்கவில்லை. இளம் பெண், முடிக்க வேண்டியதில்லை என்று நினைத்திருக்கலாம்.

நடைகூடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். சபா அண்ணை ஒன்றில் அமர்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"படுக்கை அறைக்குள்ள இருந்து தைச்சுத் தைச்சு அவளுக்குக் கண் போகுது எண்டுதான் வெளிச்சமா ஒரு அறை கட்டினனான். மார்கழியில காத்து வருகுது எண்டாள். ஓட்டையெல்லாத்தையும் நுரை அடிச்சு அடைச்சன். ஒரு ஓட்டை விடேல்லை."

பிறகு அவர் அழுதார். நான் வாகனம் நிறுத்திய இடத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போனேன். வாகனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த கிழமை முழுவதும் அவர் லீவு போட்டுவிட்டுப் பத்தியைப் பிரித்தார். நான் உதவிக்குப் போனேன். "தேவையில்லை," என்றார். ஆணி ஆணியாகக் கழற்றி, தகடுகளை மதிலோரம் அடுக்கினார். புகைக்குழாய் பழையபடி திறந்த வெளியைப் பார்த்தது. அதன் பிறகு பொய்லரைத் திறந்து சுத்தம் செய்தேன், எரியும் அளவுகளைச் சோதித்தேன், புதிய அலாம் பூட்டினேன், எல்லாம் சரியென்ற பிறகே ஸ்டிக்கரை உரித்தேன். அத்தனை நாட்களிலும் அவர் என்னோடு பேசியது "தேவையில்லை" என்ற அந்த ஒரு சொல்தான்.

பதினொரு பிளவுஸையும் அக்கா வேறொரு வீட்டு மெசினில் தைத்துக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மூன்று தூண்கள்

லண்டனில் எங்கள் ஆட்களிடையே என்னைப் பற்றி நல்ல கதை பரவியது. ஒரு உயிரைக் காப்பாற்றினவன் என்று. கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சோறு வாங்காமல் வரிசையை விட்டு விலகினேன்.

காரணம் இதுதான். அதற்கு முந்தைய வருடமும் அந்த வீட்டுப் பொய்லரைச் சோதித்துக் கையெழுத்து வைத்தவன் நான். அன்று சமையலறை ஜன்னலால் பார்த்தபோது பின்னால் மூன்று மரத்தூண்கள் நட்டிருந்தன. தகடுகள் கட்டாகக் கிடந்தன. நடுத்தூண் புகைக்குழாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றது. கூரை எங்கே வரும் என்பதை ஊகிக்க என்ஜினியராக இருக்கத் தேவையில்லை.

சபா அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். "எப்பிடியடா?" என்று கேட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் சுத்தியல்.

"நல்ல வேலை அண்ணை," என்றேன்.

பிறகு புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். கூரை போடும்போது யாராவது கவனிப்பார்கள் என்று நினைத்தேனா, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேனா, தெரியவில்லை. என் தாளில் அன்று எழுதியது எல்லாம் சரி. பொய்லர் அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது.

இதை மூன்று மாதம் யாருக்கும் சொல்லவில்லை.

சொன்ன நாள்

ஏப்ரலில் மங்களா அக்கா கூப்பிட்டார். மாடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கீழே சூடு, மேலே குளிர். உள்ளே காற்று அடைத்திருந்தால் அப்படித்தான் இருக்கும். சின்னச் சாவியால் திருகிக் காற்றை விட்டேன். சீறி முடிந்து கறுத்த நீர் இரண்டு சொட்டு துணியில் விழுந்தது. பத்து நிமிட வேலை.

கீழே வந்தபோது அவர் புதிய பத்தியின் வாசலில் நின்றார். சபா அண்ணை மீண்டும் கட்டியிருந்தார், பழையதில் பாதி அளவில். புகைக்குழாய்க்கு இப்பாலேயே சுவர் நின்றுவிட்டது. அண்ணை இப்போது என்னோடு பேசுகிறார், அளவாக. அன்று கடைக்குப் போயிருந்தார்.

"அக்கா, உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும்."

"சொல்லும்."

தூண்களைப் பற்றிச் சொன்னேன். "நல்ல வேலை அண்ணை" என்றதையும் விடாமல் சொன்னேன். அவர் வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்ப, நீர் பாத்தனீர்."

"ஓம் அக்கா."

"பிறகேன் வாய் திறக்கேல்லை?"

"அண்ணை அவ்வளவு சந்தோசமா நிண்டவர். அவற்ற மனம் நோகும் எண்டு நினைச்சன்."

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.  தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு வந்து போனது.

"அந்த அறைக்குள்ள இருந்தாத்தான் தலையிடிக்குது எண்டு எனக்கு முதலே தெரியும் தம்பி," என்றார். "கோயிலுக்குப் போனா விட்டிடும். கடைக்குத் துணி குடுக்கப் போனா விட்டிடும். திரும்பி வந்து மெசினில குந்த, தொடங்கிவிடும். டொக்டரிட்டயும் சொல்லேல்லை, உம்மட்டயும் சொல்லேல்லை."

"ஏன் அக்கா?"

"அந்த மனுசன் ஆறு மாசம் லீவு நாளெல்லாம் நிண்டு கட்டித் தந்த அறை. அதுக்குள்ள என்னால இருக்க ஏலாது எண்டு எந்த வாயால சொல்லுறது?"

இருவரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முன்கதவு திறந்தது. சபா அண்ணை முருங்கைக்காய்க் கட்டோடு வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் செத்த வீடு மாதிரி நிக்கிறியள்?"

அக்கா திரும்பினார். "இந்த அறைக்குள்ள வெளிச்சம் காணாது," என்றார். "பின்னேரத்தில ஊசிக் கண் தெரியுதில்லை. இன்னொரு ஜன்னல் வேணும்."

அவர் முருங்கைக்காயை மேசையில் வைத்தார். பத்தியைச் சுற்றும் முற்றும் பார்த்தார். புகைக்குழாய் இருந்த பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்து, "அப்ப இதில வெட்டுவம். இந்தப் பக்கம்தான் வெயில்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எப்பிடியடா?"

"இல்லை அண்ணை, அதில வைக்கக் கூடாது," என்றேன்.

அவருடைய முகம் சுருங்கியது. நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவரோடு வெளியே போய், புகைக்குழாயிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன்.